படகுக்குச் சொன்ன விலை

ஏப்ரல் முடிய இரண்டு நாள் பாக்கி. டென்னிசன் முனையில் குளிர் இன்னும் விட்டபாடில்லை. காலையில் பனிமழை, மத்தியானம் சேறு, சாயங்காலம் எதிரே நிற்கிற ஆளை மறைக்கும் மூடுபனி. மெய்ன் மாநிலத்தின் கிழக்குக் கோடியில் இதற்குப் பெயர் வசந்தம்.

கார்லா அடுக்களை மேசையில் உட்கார்ந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். அவித்து ஆறவைத்த நண்டு இரண்டு கூடை இருந்தது. காலை முறித்து, கத்திமுனையால் கீறி, சதையை முழுசாக உருவி டப்பாவில் போட வேண்டும். ஓட்டுத் துணுக்கு ஒன்று கலந்துவிட்டாலும் கடைக்காரன் டப்பாவையே திருப்பி அனுப்பிவிடுவான். பொறுமை வேண்டிய வேலை. அன்றைக்கு அவளிடம் பொறுமை மருந்துக்கும் இல்லை. ஒவ்வொரு நண்டுக்காலையும் அவள் முறித்த முறிப்பு, லைல் பிங்க்ஹாமின் கழுத்தை நினைத்து முறித்தது. லைல் அவள் புருஷன். சிங்கிறால் பிடிக்கிறவன்.

எதிரே லைலின் அக்கா விவியன் உட்கார்ந்திருந்தாள். வாரத்தில் மூன்று நாள் டவுனில் ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்டிடம் வேலை, மீதி நாள் இந்த மேசையில் நண்டு. கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும் பெண்பிள்ளை.

"மெதுவாடி. நண்டு செத்து ரொம்ப நேரமாச்சு."

"உன் தம்பி இன்னும் உசுரோட இருக்கானே."

"அவன் என்னைக்கு ஒழுங்கா ஒரு காரியம் செஞ்சான்? சரி, அந்த ஆபீஸ்ல என்னதான் சொன்னாங்க? முதல்லேர்ந்து சொல்லு."

முதலிலிருந்து என்றால் ஜனெலிலிருந்துதான் சொல்ல வேண்டும். ஒரே மகள், வயது பதினேழு. அவளுக்கு இரண்டு இடத்தில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று, மாநிலப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருக்கும் ஆனர்ஸ் கல்லூரி. வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம். படிப்புக் கட்டணம் ஒரு காசு வேண்டாம், வந்தால் போதும் என்று எழுதியிருந்தார்கள். இன்னொன்று பென்சில்வேனியாவில், பத்து மணி நேர வண்டி ஓட்டம். இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து இதுவரை ஒரு பிள்ளை அதன் படியேறியதில்லை. ஒரு வருஷத்துக்கு அவர்கள் கேட்கிற பணத்தைச் சொன்னால் இங்கே சிரிப்பார்கள். ஆனால் இல்லாதவர்களுக்குக் கணிசமாகக் கழித்துக்கொடுப்பார்கள் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் ஜனெல் விண்ணப்பித்தாள்.

அங்கே என்னடி இருக்கிறது என்று கார்லா ஒருநாள் கேட்டாள். "அங்க போனா யாரு மகள்னு யாரும் கேக்க மாட்டாங்கம்மா" என்றாள் ஜனெல். இங்கே தபால் நிலையத்தில் நின்றால் லைல் மகள், பெட்ரோல் போட்டால் லைல் மகள். போதாக்குறைக்கு அப்பன் தன் படகுக்கும் அவள் பெயரையே வைத்திருந்தான். 'ஜனெல் ரோஸ்' என்று அதன் பின்புறத்தில் பொன்னிற எழுத்துகள் ஒட்டியிருக்கும். பிள்ளை கடலுக்குப் போகாத நாளிலும் அவள் பெயர் கடலுக்குப் போய் மீன்நாற்றத்தோடு திரும்பி வரும்.

மார்ச் மாதம் கடிதம் வந்தது. உங்கள் குடும்பத்தின் வசதியைக் கருத்தில் கொண்டு இவ்வளவுதான் உதவ முடியும் என்று ஓர் அற்பத் தொகை போட்டிருந்தார்கள். ஜனெல் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். லைல் கதவுக்கு வெளியே நின்று, "அவங்களுக்கு நம்ம மாதிரி ஆளுங்க வேண்டாம் கண்ணு. விட்டுத் தள்ளு" என்றான். கார்லாவும் அதை நம்பினாள். ஒரு மாதம் வீடு எழவு விழுந்த வீடாகத்தான் கிடந்தது. நேற்றுத்தான் அவளுக்குப் பொறுக்காமல், கடைவாசலில் வண்டியை நிறுத்தி, சிக்னல் கிடைக்கிற இடமாகப் பார்த்து, அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"தேன்குரல்ல ஒரு பையன் பேசறான். உங்க குடும்பத்துக்கு சொத்து நல்லாவே இருக்கு மேடம்ங்கறான். எங்க இருக்குன்னு சொல்லுங்க தம்பி, நானும் போய் ஒரு தடவை பாத்துட்டு வரேன்னேன். படகுங்கறான். மூணு லட்சத்து நாப்பதாயிரம் டாலர் படகாம்."

விவியன் கத்தியைக் கீழே வைத்தாள். "எந்தப் படகு?"

"எந்தப் படகா? நம்மகிட்ட அஞ்சாறு நிக்குதா? ஜனெல் ரோஸ்தான்."

"அதோட இன்ஜின் போன வருஷமே இருமிக்கிட்டு இருந்துச்சே."

"அந்த இருமலுக்கும் சேத்துத்தான் விலை போட்டிருக்கான் போல."

இந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. என்ன பிடிபட்டது என்று கேட்டால், படகு முங்குகிற அளவுக்குப் பிடித்தவனும் உதட்டைப் பிதுக்குவான். படகு எப்படி என்று கேட்டால், ஓட்டைப் படகுக்காரனும் நெஞ்சை நிமிர்த்துவான். அந்த வியாதிதான் இதுவும் என்று கார்லா நினைத்தாள். கல்லூரிக்காரன் படிவத்தில் படகின் விலை என்ன என்று கேட்டால், அங்கேயும் துறைமேடையில் நிற்கிற நினைப்பில் பீற்றிக்கொண்டிருக்கிறான் மடையன்.

நேற்று ராத்திரிச் சோறு சண்டையில்தான் முடிந்தது. "கேட்டான், சொன்னேன். என் படகு குப்பைன்னு எவனுக்கும் எழுதிக் குடுக்க மாட்டேன்" என்றான் லைல். சரிசெய்ய வழியும் இருந்தது. படகு கட்டுகிற ஹார்லன் உண்மை விலையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, அது மே ஒன்றாம் தேதிக்குள் போய்ச் சேர்ந்தால் மறுபடி பார்ப்பதாகத் தேன்குரல் சொல்லியிருந்தான். ஹார்லனா? பத்து வருஷமாக ஹார்லனிடம்தான் லைல் அந்தப் படகைப் பற்றி அளந்துவிட்டுக்கொண்டிருக்கிறான். "அவன் முன்னாடி நான் போய் நிக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டான். இந்த இரண்டு கூடை முடிந்ததும் தானே ஹார்லனிடம் போவதென்று கார்லா இருந்தாள்.

விவியன் இன்னும் கத்தியை எடுக்கவில்லை. வாயும் ஓடவில்லை. அதுதான் கார்லாவுக்குப் புதுசாக இருந்தது.

"என்ன, நாக்கைக் கடிச்சுக்கிட்டியா?"

"அந்தப் படிவத்த எப்படி நிரப்பினான்?"

"எப்படின்னா? கையாலதான். டிசம்பர் முதல் வாரம். நான் ஊசியிலைக் கொப்புல கிறிஸ்துமஸ் வளையம் கட்டற கொட்டகையில காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நின்னுக்கிட்டிருந்தேன். கை பூரா பிசின். அப்பா அம்மா பக்கத்த நானே போட்டுடறேன்னான். அடடா, மனுஷனுக்குப் பொறுப்பு வந்துருச்சேன்னு சந்தோஷப்பட்டேன்."

"டிசம்பர் முதல் வாரம்."

"ஆமா. என்ன இப்ப?"

"நான் சொன்னேன்னு சொல்லிராத."

"விவியன்."

"அந்த வாரந்தான் எங்க ஆபீசுக்கும் வந்தான். படகு இன்சூரன்ஸ் புதுப்பிக்க. அவன் அழுத அழுகை இருக்கே! இன்ஜின் போச்சு, தளம் ஊறிப்போச்சு, தூக்கிக் கடல்ல போட்டா மீனே மூக்கப் பொத்திக்கும், இதுக்கு எவன் இவ்வளவு பிரீமியம் கட்டுவான்னான். எங்க முதலாளியே பாவப்பட்டு காப்பி வாங்கிக் குடுத்தாரு. ஒரு லட்சத்து முப்பதாயிரம்னு போட்டுக்கிட்டுப் போனான்."

அடுப்பில் மீன்சூப் கொதித்தது. கார்லா எழுந்து போய் அடுப்பைத் தணித்தாள். பிறகு அங்கேயே நின்றாள்.

யாரிடம் எந்த விலை சொல்ல வேண்டும் என்று தெரியாத மீனவன் இந்தக் கரையில் பிறக்கவில்லை. வாங்க வருகிறவனிடம் ஒன்று, கடன் கொடுக்கிறவனிடம் ஒன்று, இன்சூரன்ஸ்காரனிடம் ஒன்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாற்றிச் சொல்ல மாட்டான். ஒரே வாரத்தில் ஓரிடத்தில் அழுது, இன்னோரிடத்தில் நிமிர்ந்திருக்கிறான் லைல். பீற்றலும் இல்லை, மடத்தனமும் இல்லை. அவனுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது.

"உங்க வீட்டு ரத்தத்துல என்னத்தக் கலந்து வச்சிருக்கீங்க?" என்றாள் கார்லா.

"என்னையும் சேக்காத. நான்தானே சொன்னேன்."

வெளியே வண்டி நின்ற சத்தம் கேட்டது. லைல் ரப்பர் பூட்சைக் கழற்றிப் போட்டுவிட்டு, சிங்கிறால் கூட்டுக்கு இரையாக வைக்கிற உப்பு மத்தி நாற்றத்தோடு உள்ளே வந்தான்.

"நாளைக்குக் காலையில தண்ணி நல்லா வத்தும். படகக் கரையில சாத்திட்டு அடிப்பாகத்துக்கு பெயிண்ட் அடிச்சுரலாம்னு இருக்கேன்" என்று பொதுவாகச் சொன்னான். "சாப்பிட என்ன இருக்கு?"

"லைல், படகு என்ன விலை போகும்?"

"மறுபடியுமா? நேத்தே சொல்லிட்டேன்."

"எனக்குச் சொன்ன விலை வேண்டாம். இன்சூரன்ஸ்ல சொன்ன விலையச் சொல்லு."

லைல் அக்காவைப் பார்த்தான். அக்கா அதற்குள் ஒரு நண்டுக் காலுக்குள் தலையையே விட்டிருந்தாள்.

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

"அங்க விலையக் கூட்டினா கட்டற பணம் கூடும்."

"இங்க விலையக் கூட்டினா என்ன ஆகும்? அது தெரியாதா உனக்கு?"

லைல் தொப்பியைக் கழற்றினான். அதன் உள்பக்கத்தைப் பார்த்தான். மறுபடி மாட்டிக்கொண்டான்.

"தெரியும்" என்றான்.

கார்லா அடிக்கப் போகிறாள் என்றுதான் விவியன் நினைத்தாள். கார்லா ஒன்றும் செய்யவில்லை. கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தாள்.

"தெரிஞ்சுதான் போட்டேன். போதுமா?" லைலின் குரல் ஏறியது. "நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? இங்க கெட்டிக்காரப் பிள்ளைங்களுக்குன்னே தனியா வச்சு, சும்மா வா தாயின்னு கூப்பிடறான். அங்க என்ன தங்கத் தட்டுலயா பாடத்த வைக்கிறான்? கடன வாங்கிப் படிச்சுட்டு ஆயுசு பூரா கடனுக்கு வேலை செய்யவா? ரெண்டு மணி நேர தூரம்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துருவா. துணி துவைச்சுக்குவா, சோறு தின்னுவா, ஞாயித்துக்கிழமை போவா. பத்து மணி நேரம்னா கிறிஸ்துமஸுக்கு வருவா. அடுத்த வருஷம் அதுக்கும் வர மாட்டா."

"அத வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல!" கார்லா கத்தினாள். "போகாத, எனக்கு மனசு கேக்கலன்னு சொல்லியிருந்தா அவ உன்கூடச் சண்டை போட்டிருப்பா. நான் போட்டிருப்பேன். வீடு ரெண்டுபட்டிருக்கும். அப்பறம் யாரோ ஒருத்தர் ஜெயிச்சிருப்போம். அதுக்குப் பேரு குடும்பம். நீ என்ன பண்ணின? டிசம்பர்லயே படிவத்துல படகுக்குப் பொய் விலை எழுதிட்டு, கதவுக்கு வெளிய நின்னு, அவங்களுக்கு நம்ம மாதிரி ஆளுங்க வேண்டாம்னு சொன்ன. அந்தப் பிள்ளை ஒரு மாசமா, நம்ம மேல ஏதோ அழுக்கு ஒட்டியிருக்குன்னு நெனச்சுக்கிட்டுத் திரியுது. அவங்க கதவத் தொறந்துதான் வச்சிருந்தாங்க. வெளிய தாழ்ப்பாள் போட்டது நீ!"

"நான் அப்பன். எனக்குச் சொல்ல உரிமை இல்லையா?"

"சொல்ல உரிமை இருக்கு. நீ எங்க சொன்ன?"

வாசல் பக்கம் பலகை கிரீச்சிட்டது. ஜனெல் பள்ளிக்கூடப் பையோடு நின்றிருந்தாள். மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது.

"எவ்வளவு நேரமா நிக்கற?" என்றாள் கார்லா.

"கிறிஸ்துமஸ்லேர்ந்து" என்றாள் ஜனெல். "அடுத்த வருஷம் அதுக்கும் வர மாட்டான்னு சொன்னாரே, அதுலேர்ந்து."

ஜனெல் பையை இறக்கிவைத்தாள். எந்த அவசரமும் இல்லாமல் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கார்லாவுக்கு அந்த நிதானம்தான் பயமாக இருந்தது.

"ரெண்டு வாரம் முன்னாடி அந்த ஆனர்ஸ் கல்லூரியப் பாக்கப் போனேன்ல. ஒரு வகுப்புல உக்கார வச்சாங்க. பன்னெண்டு பேருதான். அந்த டீச்சரம்மா ஒரு பத்தியப் படிச்சுட்டு அதுக்கு இதுதான் அர்த்தம்னாங்க. இல்லேன்னேன். அரை மணி நேரம் என்கூட மல்லுக்கட்டிட்டு, கடைசில சரி நீ சொல்றதுதான் சரின்னு சிரிச்சாங்க. எனக்குப் பிடிச்சிருந்தது. நெஜமாவே பிடிச்சிருந்தது." அவள் அப்பனைத்தான் பார்த்துப் பேசினாள். "ஞாயித்துக்கிழமையே முடிவு பண்ணிட்டேன், இங்கயே போறதுன்னு. பென்சில்வேனியாவ மனசுலேர்ந்து பிடுங்கி எறியறதுக்கு எவ்வளவு நாள் ஆச்சு தெரியுமா? ஆனா நானே எறிஞ்சேன். நானா எடுத்த முதல் பெரிய முடிவு. உங்ககிட்ட நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

லைலின் முகம் தெளிந்தது. அதை அவனால் மறைக்க முடியவில்லை. ஒரு கணம் சிரித்தேவிட்டான்.

"அப்பறம் என்ன கண்ணு? எல்லாம் நல்லதாத்தானே முடிஞ்சிருக்கு."

"வாய மூடுடா லைல்" என்றாள் விவியன், நண்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நான் எடுத்த முடிவ நீங்க டிசம்பர்லயே எடுத்து முடிச்சுட்டீங்களேப்பா" என்றாள் ஜனெல். "நான் சும்மா அஞ்சு மாசம் கழிச்சு வந்து கையெழுத்துப் போடறேன்."

கார்லா கையைத் துடைத்துக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தாள். "நான் இப்பவே ஹார்லன்கிட்ட போறேன். உண்மை விலைய எழுதி வாங்கிட்டு வந்து இன்னைக்கே அனுப்பறேன். நீ பென்சில்வேனியாவுக்கே போ."

"வேண்டாம்மா."

"ஏன் வேண்டாம்? இவரு ஆட்டத்த நாம ஏன் ஆடணும்?"

"அங்க போனா அப்பாவப் பழிவாங்கப் போன மாதிரி. இங்க போனா அப்பா ஜெயிச்ச மாதிரி. எங்கிட்டுப் போனாலும் நடுவுல இவருதான் நிக்கறாரு." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "யாரு மகள்னு கேக்காத ஊரு வேணும்னு சொன்னேன். ஊரு கேட்டா பரவால்லம்மா. வீட்டுக்குள்ளயும் அதுதானா?"

சூப்பை யாரும் தொடவில்லை. லைல் நின்றபடியே நாலு வாய் குடித்துவிட்டு வெளியே போனான். விவியன் தன் பங்கு டப்பாக்களை எடுத்துக்கொள்ள மறந்து போனாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு ஜனெல் அடுக்களைக்கு வந்து, கார்லாவின் முன்னால் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். ஆனர்ஸ் கல்லூரியின் பக்கம். 'சேர்கிறேன்' என்ற இடத்தில் விரலை வைத்திருந்தாள்.

"நல்லா யோசிச்சுட்டியா?"

"ஞாயித்துக்கிழமையே யோசிச்சது. நான் நெனச்சத, அவரும் நெனச்சுட்டாருங்கறதுக்காக மாத்த மாட்டேன்" என்றாள். அழுத்தினாள். லேப்டாப்பை மூடினாள். பிறகு எழுந்து கொட்டகைக்குப் போய், பழைய பெயிண்ட்டை உரிக்கிற சூட்டுக் கருவியையும் ஒரு சுரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எதுக்கு அது?"

"வண்டிய எடும்மா."

துறையில் தண்ணீர் அடியோடு வற்றியிருந்தது. நாளுக்கு இரண்டு முறை இருபதடி ஏறி இறங்குகிற கடல் இப்போது இருந்த இடம் தெரியவில்லை. ஜனெல் ரோஸ் துறைமேடையில் சாய்ந்தபடி சேற்றில் உட்கார்ந்திருந்தது. அடிப்பாகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தான் லைல். உதவிக்கு இரண்டு பேர். மேலே ஹார்லனும் இன்னும் சிலரும் காப்பிக் குவளைகளோடு, எப்படிப் பூச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜனெல் கருவியோடு வண்டியிலிருந்து இறங்கினாள். மேடையிலிருந்த மின் இணைப்பில் ஒயரைச் செருகி, கருவியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் சேற்றுக்கு இறங்கினாள். இன்னொரு ஏணியைப் படகின் பின்புறத்தில் சாத்தி ஏறினாள். கார்லா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் எழுத்து சூடேறி ஓரம் சுருண்டது. அதைச் சுரண்டியால் நெம்பி உரித்துச் சேற்றில் போட்டாள்.

"ஏய், ஏய்! என்ன பண்ற?" லைல் சாயம் பூசும் உருளையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். பூட்ஸ் சேற்றில் புதைந்து புதைந்து எழுந்தது.

"என் பேர எடுத்துக்கறேன்."

"ஓடற படகுல பேர எடுக்கக் கூடாது புள்ள, ஆகாது" என்று மேலேயிருந்து ஒரு கிழவர் சொன்னார்.

"ஆகாதது டிசம்பர்லயே ஆயிருச்சு தாத்தா" என்றாள் ஜனெல். இரண்டாவது எழுத்து விழுந்தது.

"கார்லா, சொல்லு அவகிட்ட. ஆளுங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும். படகப் பத்திப் பேசறதுன்னா உனக்குப் பிடிக்குமே" என்றாள் கார்லா. ஏணியை விடவில்லை.

கடைசி எழுத்து வரைக்கும் அவள் நிறுத்தவில்லை. பன்னிரண்டு வருஷ வெயில் படாத இடத்தில் வண்ணம் புதுசாகத் தெரிந்தது. எழுத்தை எடுத்த பிறகும் பெயரை வாசிக்க முடிந்தது. ஜனெல் இறங்கி வந்து ஒயரைச் சுற்றினாள். உதவிக்கு வந்த இருவரும் எதையோ மறந்தாற்போல மேடைக்கு ஏறிப் போனார்கள். ஹார்லன் காப்பியைக் கடலில் ஊற்றுவதாக நினைத்துச் சேற்றில் ஊற்றினார்.

லைல் மகளுக்கு முன்னால் வந்து நின்றான். கையெல்லாம் சிவப்புச் சாயம்.

"அங்கதானே போற? ஆனர்ஸுக்குத்தானே? அம்மா முகத்தப் பாத்தாலே தெரியுது." அவன் குரல் சின்னதாகியிருந்தது. "ரெண்டு மணி நேரம்தானே கண்ணு. வெள்ளிக்கிழமை வந்துருவேல்ல?"

"ரெண்டு மணி நேரம் பக்கந்தான்பா" என்றாள் ஜனெல். "வரணும்னு தோணினா."

அவள் ஏணியில் ஏறி வண்டிக்குப் போய்விட்டாள். லைல் படகின் வெறும் முதுகைப் பார்த்தபடி நின்றான்.

"இப்ப இதுல நான் என்னத்த எழுதறது?" என்று கார்லாவிடம் கேட்டான்.

"மூணு லட்சத்து நாப்பதாயிரம்னு எழுதிக்க" என்றாள் கார்லா.

சேற்றின் நடுவே இருந்த வாய்க்காலில் கடல்தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் பாதி அடிப்பாகம் பூசாமல் கிடந்தது. கடல் வருவதற்குள் மூன்று பேர் சேர்ந்து முடிக்கிற வேலை. அவன் உருளையைத் தேடி எடுத்து, அதில் ஒட்டியிருந்த சேற்றை வழித்துவிட்டு, தனியாகப் பூச ஆரம்பித்தான்.